ஆய்வுக்கூடத்திலிருந்து துணைவேந்தர் நாற்காலிக்கு

காரியவட்டம் வளாகத்தில் பயிலும் தமிழ் மாணவர் சிலர் கழக்கூட்டத்தில் ஒன்றாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். ஒரு நாள் மாலை, நம் கேரளப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பௌதிக அறிஞர் கிருஷ்ணனைப் பற்றிப் பேச்சு வந்தது. "வத்திராயிருப்புக்காரர்தானே? 1928-இல் இராமனோடு சேர்ந்து ஆராய்ந்தவர்" என்றான் நண்பன். அவர் கே. எஸ். கிருஷ்ணன். நான் சொல்ல வந்தது ஆர். எஸ். கிருஷ்ணனை. பெயர் ஒற்றுமையால் நம்மில் பலர் இவரை அறியாமலே போய்விட்டோம்.

இவரைப் பற்றி எழுதுவதில் எனக்கும் ஒரு சுயநலம் உண்டு. "ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று இன்னும் எத்தனை ஆண்டு? பக்கத்திலேயே டெக்னோபார்க் இருக்கிறதே, ஒரு வேலையில் சேரக்கூடாதா?" என்று அப்பா கேட்கிறார். விடை தேடித்தான் இவர் வாழ்க்கையைப் படித்தேன்.

ஆர். எஸ். கிருஷ்ணன் 1911-இல் திருச்சூர்ப் பகுதியிலுள்ள ராப்பாள் என்னும் சிற்றூரில் பிறந்தார். கல்லூரிப் படிப்பு நம் திருச்சி தூய வளனார் கல்லூரியில். (அப்துல் கலாம் 1954-இல் பட்டம் பெற்றதும் அங்கேதான்.) பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. இராமனிடம் மாணவரானார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. ஒரு தம்ளர் நீரில் இரண்டு சொட்டுப் பாலை விட்டு, கைவிளக்கின் ஒளியை அதனூடே செலுத்திப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அதன் பாதை வெண்மையாகத் தெரியும். ஒளி அலை தான் செல்லும் திசைக்குக் குறுக்கே அதிர்வது. அந்த அதிர்வு மேலும் கீழுமாக இருக்கலாம், கிடைவாட்டமாகவும் இருக்கலாம். மேல்கீழாக அதிரும் ஒளியை உள்ளே செலுத்தினால், பக்கவாட்டில் வரும் ஒளியில் ஒரு சிறு பங்கு கிடைவாட்டமாக அதிரும். இனிக் கிடைவாட்ட ஒளியைச் செலுத்தினால், ஒரு பங்கு மேல்கீழாக அதிர்ந்து வரும். இவ்விரு பங்குகளும் சமம் என்று கிருஷ்ணன் அளந்து காட்டினார். துகள்கள் ஒழுங்கின்றி மிதக்கும் வரையில், அவை சிறியவையா பெரியவையா, உருண்டையா நீளமா என்ற வேறுபாடு இச்சமத்துவத்தைக் குலைப்பதில்லை! இதற்குக் 'கிருஷ்ணன் விளைவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்து அவர் கேம்பிரிட்ஜ் சென்று, காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். கனநீரியத்தின் கருவாகிய டியூட்டிரானை வேகமாக மோதவிட்டு யுரேனியத்தையும் தோரியத்தையும் பிளக்கும் ஆராய்ச்சி அது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறதே, அதே தோரியந்தான்.

போர்க்காலத்திலேயே பெங்களூர் திரும்பி, வைரத்தை ஆராய்ந்தார். வைரத்தின் மீது ஒளி பட்டால், சிதறிய ஒளியில் புதிதாக ஒரு வலுவான கோடு தோன்றும். அதற்கப்பால் மிக மங்கலான வேறு கோடுகளும் உண்டு. மூல ஒளியின் பிரகாசத்தில் அவை கண்ணுக்கு அகப்படுவதில்லை. கிருஷ்ணன் பாதரச விளக்கின் புறஊதாக் கதிரைப் பயன்படுத்தினார். சிதறி வரும் ஒளியைப் பாதரச ஆவியினூடே செலுத்தினால், அந்த ஆவி மூலக் கதிரை மட்டும் விழுங்கிவிடும். மங்கலானவை தப்பிவந்து புகைப்படத் தகட்டில் பதியும். 1940களின் நடுவில் அக்கோடுகளைத் தெளிவாகப் பதிவு செய்தார்.

இனித்தான் கதையின் சுவை. படிகத்தில் அணுக்கள் எவ்வாறு அதிர்கின்றன என்பதில் இராமனுக்கும் மாக்ஸ் பார்னுக்கும் பெரும் வாதம் நடந்தது. இராமன் தம் கொள்கைக்குச் சான்றாகக் காட்டியது கிருஷ்ணனின் கோடுகளை. 1948-இல் ஹெலன் ஸ்மித் என்னும் அம்மையார் அதே கோடுகளைப் பார்னின் கொள்கை கொண்டு விளக்கினார். இறுதியில் வென்றது பார்ன் கட்சி. ஆசிரியரின் கொள்கை வீழ்ந்தது. மாணவரின் அளவீடு வீழவில்லை. இரு கட்சிக்கும் பொதுச்சான்றாக நிற்குமளவு நேர்மையாக அளந்திருந்தார் அவர்.

1948-இல் இராமன் ஓய்வு பெற்றதும், அத்துறைத் தலைமை கிருஷ்ணனிடம் வந்தது. 1972 வரை, இருபத்து நான்கு ஆண்டுகள், அப்பொறுப்பைச் சுமந்தார். அதன்பின், அறுபது வயதைக் கடந்த நிலையில், 1973-இல் நம் துணைவேந்தரானார். பல்கலைக்கழகத்தை நடத்துபவரை அமெரிக்காவில் பிரசிடெண்ட் என்பர். நம் நாட்டில் அச்சுமை துணைவேந்தருடையது. 1977 வரை பாளையத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். அதற்குப் பின்னரும் ஆராய்ச்சியை விட்டாரில்லை: படிகங்கள் வெப்பத்தால் விரிவது பற்றி இருவருடன் சேர்ந்து எழுதிய நூல் 1979-இல் வெளிவந்தது. 1999-இல் மறைந்தார்.

அந்த நாற்காலியில் அவர் இருந்தது நான்காண்டு. அவர் பெயர் பாடநூலில் நிற்பதோ இருபதுகளின் வயதில் கலங்கல் நீரைப் பொறுமையாக அளந்ததற்காக. பதவி அவரைத் தேடி வந்தது. அதை நோக்கி அவர் நடந்ததாக இவ்வாழ்க்கை காட்டவில்லை.

அப்பாவின் கேள்விக்கு இது முழு விடை அன்று. வாடகையும் சாப்பாட்டுக் கணக்கும் கிருஷ்ணன் விளைவால் தீராதவை. வேலைக்குப் போகும் நண்பர்களை நான் குறைவாக எண்ணவும் இல்லை. ஆனாலும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: கையில் எடுத்த அளவீட்டை முடித்துவிட்டுத்தான் எதையும் யோசிப்பேன். அப்பாவிடம் இதை ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும். நண்பர்களே, நீங்களும் அதற்குள் ஒரு தம்ளர் நீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டுப் பாருங்களேன்!