காமன் கூத்தும் அதன் சிறு வேடங்களும்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையிலோ, நமுனுகுலை மலையடியிலோ, மாசி மாதத்து இரவொன்றில் பயணஞ் செய்வோரின் செவியில் தப்பொலி விழுதல் கூடும். இருளினிடையே எங்கோ ஒரு லயத்தின் அருகில் வெளிச்சம் தெரியும். அதனைச் சூழ்ந்து மக்கள் குழுமியிருப்பர். தோட்டத் தமிழரின் முன்னோர் தம் ஊர்களிலிருந்து கொண்டுவந்த காமன் கூத்து அங்கே நடைபெறுகின்றது என்று அறிந்து கொள்ளலாம்.

ஊவா மலைகளிற் கோப்பி பயிரான காலத்திலும், 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்த பின்னரும், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் இம்மலைகளுக்கு அழைத்து வரப்பட்டனர். தொடக்கத்தில் வந்தோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து மலையேறினர். பதுளைக்கு இரயில் வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டிலேதான். கால்நடையாக வந்தோர் மூட்டையிற் கட்டிக் கொள்ளக்கூடியவை மிகச் சிலவே. எடையில்லாத பொருளாகிய கதையையும் பாட்டையும் மட்டும் அவர்கள் குறைவின்றிக் கொண்டு வந்தனர். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் மலையகத்திற் சிறப்பாக ஆடப்படுபவை. இவற்றுள் மக்கள் நெஞ்சுக்கு மிக நெருங்கியது காமன் கூத்தே எனலாம்.

கதை நேயர்கள் அறிந்ததே. சூரபன்மனால் வருந்திய தேவர்கள், சிவபெருமானின் யோகத்தைக் கலைக்குமாறு மன்மதனை அனுப்புகின்றனர். மலர்க்கணை தொடுத்த மன்மதன் நெற்றிக்கண்ணின் தீயில் நீறாகின்றான். இரதி அழுது வேண்ட, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு அவன் உயிர் பெறுகின்றான். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்திற் காமதகனப் படலம் என்றே ஒரு படலம் அமைத்துள்ளார். ஆனால், தோட்டத்து மக்கள் ஆடுவது ஏட்டிலுள்ள கதையை அன்று. செவிவழி வந்து அவர்கள் வாழ்வோடு கலந்துவிட்ட கதையையே ஆடுகின்றனர்.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாளளவில், காமன் பொட்டல் எனப்படும் வெளியிற் கம்பம் ஊன்றப்படும். கரும்பு, ஆமணக்குக் கொம்பு, வைக்கோற்புரி முதலியன கொண்டு அதனை அமைப்பர். வழக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் சிறிது வேறுபடும். அன்று தொடங்கிப் பௌர்ணமியை ஒட்டிய தகன இரவு வரை ஏறத்தாழ இரண்டு வாரம், பகலிற் கொழுந்தும் இரவிற் கூத்துமாகத் தோட்டம் விழித்திருக்கும். வேடம் ஏற்போர் விரதம் காப்பர். செலவுக்கான பணத்தை லயம் லயமாகச் சென்று மக்களே திரட்டுவர்.

இரதியும் மன்மதனும் முடியும் அணியும் பூண்டு வீடு வீடாக வரும்போது, ஆராத்தி எடுத்து வரவேற்கும் பெண்கள் நடிகர் இருவரைக் காண்பதாக எண்ணுவதில்லை. இரதியாக வருபவரும் மரபுப்படி ஓர் ஆடவரே. ஆயினும், இக்கூத்தை இவ்விருவர் மட்டும் தாங்கி நிற்கின்றனர் என்று கருதுதல் தவறாகும். இரவு முழுவதும் கூட்டத்தைக் கலையாது வைத்திருப்பவை சிறு வேடங்களே. ஓலை கொண்டுவரும் தூதன், நந்தி, இந்திரன், தக்கன், எமன், வீரபத்திரர், குறவன், குறத்தி, கோமாளி ஆகிய ஒவ்வொருவருக்கும் தனிநடையும் தனித்தாளமும் உண்டு. தூதன் ஓரிடத்தில் நின்று பேசான். ஓடிவரும் வேகத்திலேயே செய்தியின் அவசரம் புலப்பட வேண்டும். குறவனும் குறத்தியும் வரும்போது அதுவரை விம்மிக் கொண்டிருந்தோரும் சிரித்து விடுவர். அடுத்து வரும் துயரத்தைத் தாங்க அச்சிரிப்புத் தேவைப்படுகின்றது. கோமாளியோ தேவலோகத்துச் செய்தியினூடே தோட்டத்துச் செய்தியையும் சேர்த்து விடுவார். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அவர் வாய்க்குத் தப்புவது அரிது.

எல்லாவற்றினும் கடினமானது வீரபத்திரர் வேடம். தப்பின் அடி விரைய விரைய, வேடக்காரர் ஆவேசம் கொள்கின்றார். அவரைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே வலிய ஆட்கள் உடன் வருவர். நடிப்பு எங்கே முடிந்து அருள் எங்கே தொடங்குகின்றது என்று பார்ப்போராற் சொல்ல இயலாது. ஆடியவரைக் கேட்டாலும் தெளிவான விடை கிடைக்குமென்று எதிர்பார்க்க வேண்டியதில்லை!

இத்தகைய குணச்சித்திர வேடங்களின் அருமை எல்லா நாட்டுக் கலையிலும் ஒன்றே. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1959 முதல் 1964 வரை, வாரத்துக்கொரு தனிக்கதையாக ‘ட்விலைட் ஸோன்’ என்னும் தொடர் வந்தது. பேர்ஜஸ் மெரிடித் என்னும் நடிகர் அதன் நான்கு கதைகளில் நான்கு வேறு மனிதராகத் தோன்றினார். புகழ்மிக்க நாயகரை நம்பாது, இவர் போன்ற நடிகர்களின் முகத்தையும் குரலையும் நம்பியே அத்தொடர் நின்றது. தோட்டத்துக் கூத்தும் அவ்வாறே நிற்கின்றது. வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே கதை வாரந்தோறும் மாறிற்று; இங்கே கதை மாறுவதில்லை. முடிவை அறிந்த கூட்டத்தின் முன், அறிந்த கதையையே ஆண்டுதோறும் புதிதாக ஆட வேண்டும்.

தப்பைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். முற்காலத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு எழுப்பியதும் இதே தப்புத்தான். பகலில் வேலைக்கு அழைத்த கருவி, மாசி இரவுகளிற் சிவனையும் எமனையும் அழைத்தது.

தகன இரவிற் சிவன் உயர்ந்த பரண்மீது யோகத்தில் அமர்ந்திருப்பார். போக வேண்டாமென்று இரதி தடுக்கின்றாள், மன்மதன் போகின்றான். சில இடங்களிற் கயிற்றின் வழியே வாணம் பாய்ந்து கம்பத்தைப் பற்றும். பின் எழுவது இரதி புலம்பல். அதன் மெட்டு, இழவு வீட்டில் மலையகப் பெண்கள் வைக்கும் ஒப்பாரிக்கு மிக நெருங்கியது. ஆதலால், அழுவோர் இரதிக்காக மட்டும் அழுவதில்லை.

இதன் பொருளை வரலாறு விளக்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. உடன்பிறந்தோர் பிரிந்தனர், ஒரே லயத்திற் பாதிக் காம்பராக்கள் வெறுமையாயின. தலைமன்னாரை நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அவ்வாறு சென்றோருடன் கூத்தும் சென்றது. பாட்டுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவும், மாஸ்டரின் கையெழுத்துக் கொப்பியிலுமே இருந்தமையால், ஒருவர் போனால் அவர் மனத்திலிருந்த பாடமும் போயிற்று. மன்மதனை ஆட இளைஞர் பலர் முன்வருவர். எமனின் நடையையும் தூதனின் ஓட்டத்தையும் அறிந்தவர் ஒருவரே இருந்து, அவரும் கப்பலேறிவிட்டால், அவ்விடத்தை நிரப்புவது எளிதன்று.

எஞ்சியோர் அனைவருக்கும் குடியுரிமை வழங்க 2003இற் சட்டம் வந்தது. இப்போது பிரிவு வேறு வகையினது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்துக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் தொழில் தேடிச் செல்கின்றனர்; அதனைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. மாசியில் விடுமுறை பெற்று ஊர் திரும்புவோர் சிலர் வேடமும் கட்டுகின்றனர். ஆனால், வேடம் கட்டுதல் ஓரிரவில் முடிவது. அடவு பழகுதலோ பல இரவுகள் கேட்பது. ஆகவே, மாஸ்டர்மார் லயத்துச் சிறுவரைப் பக்கத்தில் நிறுத்தித் தூதன் வேடத்திலிருந்து தொடங்குகின்றனர்.

தகனம் கழிந்த மூன்றாம் நாள் மன்மதன் எழுப்பப்படுகின்றான். இரதிக்கு மட்டுமே தெரிபவன் என்பது கதை. பொட்டலில் நிற்போர் அனைவரும் அவனைக் காண்கின்றனர். கம்பம் எடுக்கப்பட்டபின் முடியும் அணியும் துணியிற் சுற்றி வைக்கப்படும். வீரபத்திரராக வந்தவர் மறுநாள் மலையிற் கவ்வாத்து வெட்டிக் கொண்டிருப்பார்.