ஆயில் அதுவா எப்படிக் கூடும்?



இந்த வார எபிசோடில் எலெக்ட்ரிக் கார் பத்தி ஒரு மணி நேரம் பேசித் தள்ளினோம். எடிட் பண்ணும்போதுதான் உறைச்சுது: நம்மில் பல பேரோட ஸ்கூல் ஃபீஸைக் கட்டினது டீசல் பிக்கப்பாச்சே! அதனால இந்த வாரக் கடிதம் அதுக்கு.

அல் கூஸ்னா உங்களுக்கு அல்சர்கால் அவென்யூ, ஆர்ட் கேலரி, காபி ஞாபகம் வரும். எனக்கு அங்க இருக்கிற கராஜ் தெருக்களும், அப்பாவோட ஏசி மெயின்டனன்ஸ் கடையும்தான். கடைக்கு ரெண்டு பிக்கப். அதுல டீசல் வண்டியை ராமநாதபுரத்து அண்ணன் ஒருத்தர் ஓட்டுறார். நான் ஸ்கூல் போன காலத்திலிருந்து எங்ககூட இருக்கார்.

போன ஜூலையில் அந்த வண்டி திடீர்னு இழுக்காமப் போச்சு. எவ்வளவு மிதிச்சாலும் 60-ஐத் தாண்டலை. கராஜில் பார்த்துட்டு, "டி.பி.எஃப். அடைச்சிருக்கு. ஆயிலும் அளவுக்கு மேல இருக்கு"ன்னாங்க. புது ஃபில்டர் விலை அண்ணனோட மூணு மாசச் சம்பளத்தைத் தாண்டும். அப்பாவுக்கு வந்துச்சே கோபம்! "லைட் எரிஞ்சும் நீ பாட்டுக்கு ஓட்டியிருக்க. ஆயிலையும் கூட ஊத்தியிருக்க. சம்பளத்துல பிடிச்சாதான் சரிப்படும்."

அண்ணன் சொன்னது ரெண்டே வரி: "நான் ஊத்தலை சார். அது தானா கூடுது, போன மாசமே சொன்னேனே."

ஆயில் குறையும், சரி. தானா எப்படிக் கூடும்? எனக்கே நம்பிக்கை வரலை. அன்னிக்கு ராத்திரி வண்டியோட மேனுவலை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன்.

டப்பாவுக்குள்ள என்ன இருக்கு?

டீசல் எரியும்போது கரித்தூள் வரும். பழைய லாரி பின்னாடி பார்த்த கறுப்புப் புகை அதுதான். அதைப் பிடிக்கப் புகைக்குழாயில் வைக்கிற ஃபில்டர்தான் டி.பி.எஃப். உள்ளே தேன்கூடு மாதிரி செராமிக். ஒரு ஓட்டைக்கு முன்பக்கம் அடைப்பு, அடுத்த ஓட்டைக்குப் பின்பக்கம் அடைப்பு. அதனால புகை சுவரைத் துளைச்சுக்கிட்டுத்தான் வெளியே போகணும். கரி சுவரிலேயே தங்கிடும்.

2000-ல் பெஜோ 607 காரில் இது வந்தது. ஐரோப்பாவில் யூரோ 5 விதிகளுக்குப் பிறகு டீசல் கார்களில் சாதாரணமாயிடுச்சு. இந்தியாவுக்கு 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதியோட வந்தது. வளைகுடாவில் ஓடுற எல்லா டீசல் பிக்கப்பிலும் இது கிடையாது. எங்க வண்டியில் இருந்தது.

ஃபில்டர்னா ஒருநாள் நிறையும். வீட்டு ஏசி ஃபில்டரைக் கழட்டிக் கழுவுற மாதிரி இதைக் கழுவ முடியாது. வண்டியே அதை எரிச்சுக்கணும். இதுக்குப் பேர்தான் ரீஜெனரேஷன்.

ஹைவேயில் சுமையோட ஓடும்போது புகைக்குழாய் நல்லா சூடாகி, கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எரிஞ்சிடும். ஊருக்குள்ள ஓடினா அந்தச் சூடு வராது. வெளியே 45 டிகிரி வெயில் கொளுத்தினாலும் ஃபில்டருக்கு அது குளிர்தான். அதுக்கு வேண்டியது சுமார் 600 டிகிரி! ஃபில்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் அழுத்தத்தை அளக்கிற சென்சார் ஒண்ணு இருக்கு. "நிறைஞ்சிடுச்சு"னு அது சொன்னதும், என்ஜின் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளிக்கும். அது சிலிண்டரில் முழுசா எரியாமப் புகையோட போய், ஃபில்டருக்கு முன்னாடி இருக்கிற கேட்டலிஸ்டில் எரிஞ்சு அந்தச் சூட்டைக் கொடுக்கும். 10 முதல் 20 நிமிஷ வேலை. நடுவுல நிறுத்தாம விட்டா.

ஆயில் கதை

நடுவுல நிறுத்தினா? கரி பாதியிலேயே நிக்கும். அடுத்த ஓட்டத்தில் கம்ப்யூட்டர் மறுபடி முதல்ல இருந்து டீசல் தெளிக்கும். அப்படித் தெளிக்கிற டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா வழிஞ்சு கீழே ஆயிலோட கலக்கும். திரும்பத் திரும்ப இப்படியே நடந்தா, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் தண்ணியாகி, என்ஜினைக் காக்க வேண்டிய வேலையைச் செய்யாது.

அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

அவரோட ரூட்டைப் பாருங்க. கடையிலிருந்து அல் பர்ஷா, அங்கிருந்து ஜுமைரா, அப்புறம் சத்வா. எல்லாம் சின்னச் சின்ன ஓட்டம். "வில்லா வாசல்ல நின்ன உடனே என்ஜினை ஆஃப் பண்ணு, டீசல் மிச்சம்" என்பது அப்பா போட்ட ரூல். அண்ணன் அதை ஒழுங்கா கடைப்பிடிச்சார். ஒவ்வொரு தடவையும் ரீஜெனரேஷன் பாதியில் செத்தது.

ஓட்டுறவரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இன்னொண்ணும் இருக்கு. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற 2,64,170 டீசல் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகளில் டி.பி.எஃப். அமைப்பே குறையுள்ளதுன்னு 2022-ல் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. அங்க பிரச்சினை வந்தது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்டும்போது! இழப்பீட்டுக் கணக்கு 2024-ல் அந்த நாட்டோட மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போச்சு. சில நேரம் ரூட் தப்பு, சில நேரம் டிசைன் தப்பு.

"கழட்டிடலாம்" என்றால்

கராஜில் ஒருத்தர் வழி சொன்னார்: உள்ளே இருக்கிறதை உடைச்சு எடுத்துட்டு, கம்ப்யூட்டரை ஏமாத்திடலாம், செலவு கம்மி. அப்பா கிட்டத்தட்டச் சரின்னுட்டார். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியா வகைப்படுத்தியாச்சு. அந்தப் புகையை முதல்ல மூச்சில் இழுக்கிறது அதே கராஜில் வேலை பார்க்கிறவங்கதான். இதைச் சொன்னதும் அப்பா அந்தப் பேச்சை விட்டுட்டார்.

லைட் எரிஞ்சா

ஃபில்டர் லைட் மட்டும் எரிஞ்சா, வண்டி உங்ககிட்ட நேரம் கேட்குதுன்னு அர்த்தம். அல் கைல் ரோடு மாதிரி பெரிய ரோட்டில் நிறுத்தாம 20 நிமிஷம் ஓட்டுங்க. உங்க மேனுவல் சொல்ற வேகம்தான் கணக்கு. ஐடில் சத்தம் கூடினாலோ, ஆஃப் பண்ணின பிறகும் ஃபேன் ஓடினாலோ, எரிச்சல் வாடை வந்தாலோ, ரீஜெனரேஷன் நடந்துகிட்டிருக்கலாம். அப்போ காய்ஞ்ச புல், அட்டைப்பெட்டி மேல நிறுத்தாதீங்க. ஏசிக்காக மணிக்கணக்கா ஐடிலில் விடுறதும் கரியைச் சேர்க்கும். என்ஜின் லைட்டும் சேர்ந்து எரிஞ்சு, இழுவை குறைஞ்சா நேரா கராஜ். ஆயில் மாத்தும்போது சாம்பல் குறைவான ரகமா கேளுங்க. கரி எரியும், சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கிடும்.

எங்க வண்டிக்குப் புது ஃபில்டர் தேவைப்படலை. முதல்ல ஆயிலை மாத்தினாங்க, அப்புறம் ஸ்கேனர் போட்டு ரீஜெனரேஷன் செய்ய வச்சாங்க. சம்பளத்தில் ஒரு திர்ஹம்கூடப் பிடிக்கலை. அப்பா மன்னிப்பெல்லாம் கேட்கலை. ஆனா வாரம் ஒருமுறை ஜெபல் அலிக்குப் போய் மெட்டீரியல் எடுக்கிற வேலையை மற்ற பிக்கப்பிலிருந்து இந்த வண்டிக்கு மாத்தினார். கூடவே, "ஆயில் எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்லுப்பா"ன்னு இப்போ அவரே அண்ணன்கிட்ட கேட்கிறார்.

உங்க வீட்டு வண்டியை ஓட்டுறவர்கிட்ட இந்த வாரம் ஒரு கேள்வி கேளுங்க: "அந்த லைட் எரியுதா, அண்ணே?" என்ன சொன்னார்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் படிக்கிறோம்.