ஒரு கிலோவுக்குள் ஒரு லேப்டாப்: தெரியுமா?

ஒரே எடையுள்ள இரண்டு லேப்டாப்களை மாற்றி மாற்றித் தூக்கிப் பாருங்கள். அளவில் சின்னதுதான் கனமாகத் தெரியும், தெரியுமா? தராசு சமம் என்று சொன்னாலும் கை ஒப்புக்கொள்ளாது! இந்த மயக்கத்தை 1891-லேயே எழுதிவைத்தவர் ஷார்ப்பான்டியே என்ற பிரெஞ்சு மருத்துவர். இதிலே வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒரே எடைதான் என்று தெரிந்த பிறகும் மயக்கம் தெளியாது. பெரிய பொருள் என்றால் கனக்கும் என்று மூளை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. எதிர்பார்த்த கனம் வராதபோது 'அட, லேசு!' என்று துள்ளுகிறது.

அதனால்தான் 2015-இல் வந்த 12 அங்குல மேக்புக், வெறும் 920 கிராம் இருந்தும், கையில் எடுத்தால் கெட்டியான பொருளாக உட்காரும். அதைவிட 400 கிராமுக்கு மேல் கூடுதலான எல்ஜி கிராம் 17 அங்குல லேப்டாப்பையோ, கடையில் காட்சிக்கு வைத்த டம்மி பீஸ் என்றே பலர் நினைப்பார்கள். அதன் எடை 1,340 கிராம். லேப்டாப் பார்க்கப் போகிறவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது தன் கையைத்தான்.

சரி, எல்ஜி கிராமில் இவ்வளவு எடையைக் குறைத்தது எப்படி? இரும்பும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை, மெக்னீசியம்! லேசு என்று நாம் மெச்சும் அலுமினியத்தின் அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்குகூட இதற்குக் கிடையாது. ஜப்பானின் என்இசி நிறுவனத்துக்கு அதுவும் போதவில்லை. மெக்னீசியத்தோடு லித்தியத்தைக் கலந்தார்கள். லித்தியம் தண்ணீரில் மிதக்கும் உலோகம், தெரியுமா? மிதந்தபடியே தண்ணீரோடு பொங்கி வினைபுரியும் முரட்டு உலோகமும் அதுதான். அதைக் கலவையில் அடக்கிப் போட்டு 2012-இல் வந்த லாவி இசட், 13.3 அங்குலத் திரையோடு 875 கிராம் நின்றது. பிறகு ஜப்பானிய நிறுவனங்களுக்குள் ஒரு கிராம் போட்டியே நடந்தது. 2020-இல் ஃபுஜிட்சு அதே திரை அளவில் 634 கிராமுக்கு இறங்கிவிட்டது! சின்ன பேட்டரியை வைத்துத்தான் அந்த எண்ணைத் தொட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு உழைப்பையும் தொட்டுப் பார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்வி: "இது பிளாஸ்டிக்கா?"

மெல்லிய லேப்டாப் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அந்தப் பழுப்பு உறை. 2008 ஜனவரி 15, சான் பிரான்சிஸ்கோ மேடை. அலுவலகக் கடிதம் போடுகிற உறைக்குள்ளிருந்து ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு கணினியை உருவினார். மேக்புக் ஏர்! விளிம்பில் 4 மில்லிமீட்டர், தடிமனான இடத்தில் 19.4 மில்லிமீட்டர், எடை 1.36 கிலோ. அதற்காகவே இன்டெல் தன் சிப்பின் பொதியை 60 சதவீதம் சுருக்கிக் கொடுத்தது. சிடி டிரைவ் போயிற்று. இணையக் கம்பி செருகும் துளை போயிற்று. யுஎஸ்பி ஒன்றே ஒன்று. விலை 1,799 டாலர்.

இந்த விலையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். 1981-இல், தூக்கிச் செல்லும் கணினியாகச் சந்தையில் முதன்முதலில் சக்கைபோடு போட்ட ஆஸ்பர்ன் 1 என்ன விலைக்கு வந்தது தெரியுமா? 1,795 டாலர்! நான்கு டாலர்தான் வித்தியாசம். (பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் பழையதுதான் இரண்டு மடங்குக்கும் மேல் விலை, அது வேறு.) எடையோ 11 கிலோ, பத்துக் கிலோ அரிசிப் பையையே தோற்கடிக்கும். திரை 5 அங்குலம். உள்ளே பேட்டரி கிடையாது. இருந்தும் விமான இருக்கையின் அடியில் நுழையும்படி செய்திருந்தார்கள், வாங்குபவர்கள் முண்டியடித்தார்கள்.

அதைக் கொண்டுவந்த ஆடம் ஆஸ்பர்ன் வளர்ந்தது எங்கே தெரியுமா? திருவண்ணாமலையில்! ஆமாம், நம் திருவண்ணாமலையில்தான். பிறந்தது 1939-இல் பாங்காக். தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் ரமண மகரிஷியின் அடியவர். பின்னாளில் ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் தந்தை ஜப்பானியர் கையில் சிறைப்பட்டுக் கிடக்க, சிறுவன் ஆடம் தாயோடு மலையடிவாரத்தில் வளர்ந்தான். கொடைக்கானல் பள்ளியில் படித்து, 11 வயதில் இங்கிலாந்து போய், அங்கிருந்து அமெரிக்கா. அங்கே அவர் தொடங்கிய கணினி நிறுவனம் ஏறிய வேகத்தில் 1983-இல் திவாலானது. அடுத்த மாடல் வருகிறது என்று அவசரப்பட்டுச் சொன்னதால் இருந்த மாடலை யாரும் வாங்கவில்லை என்பார்கள். அவ்வளவு எளிய காரணம் அல்ல என்று மறுப்பவர்களும் உண்டு. ஆனால் வணிகப் பாடத்தில் 'ஆஸ்பர்ன் விளைவு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் 2003-இல் காலமானதும் கொடைக்கானலில்தான். சிலிக்கான் பள்ளத்தாக்கின் கதையில் நம் ஊருக்கு இப்படி ஒரு பங்கு இருப்பதை ஏன் பாடநூலில் ஒரு வரியாவது போடவில்லை என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

அந்த 11 கிலோவிலிருந்து இவ்வளவு தூரம் இறங்கிவந்த லேப்டாப்பை இன்னும் சின்னதாக்க முடியாமல் தடுப்பது எது தெரியுமா? சிப் இல்லை, திரை இல்லை. நம் விரல்! ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் இருந்தால்தான் பெரியவர்கள் தடுமாறாமல் தட்டச்சு செய்ய முடியும். அந்த 12 அங்குல மேக்புக் 28 சென்டிமீட்டர் அகலத்தோடு நின்றுபோனதற்குக் காரணம் கீபோர்டுதான். விளிம்பிலிருந்து விளிம்புவரை விசைகளே நிரம்பியிருக்கும்.

இந்தக் கணக்கையே ஏமாற்றிய ஒரு இயந்திரம் உண்டு. 1995-இல் வந்த ஐபிஎம் திங்க்பேட் 701! மூடியைத் திறந்தால் இரண்டு துண்டாக இருக்கும் கீபோர்டு குறுக்காக நகர்ந்து ஒன்றுசேர்ந்து, பெட்டியைவிட அகலமாக இரண்டு பக்கமும் நீண்டு நிற்கும். மூடினால் தானே பிரிந்து உள்ளே ஒடுங்கும். ஜான் கரிடிஸ் என்ற பொறியாளரின் மூளை அது. இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய திரைகள் மலிவானதும் பெட்டியே அகலமாகிவிட, அந்த அற்புதத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. என்னைக் கேட்டால், லேப்டாப் வரலாற்றில் பார்த்தவுடன் வாய்பிளக்கவைத்தது அது ஒன்றுதான். பழுப்பு உறையெல்லாம் அதற்குப் பிறகு.

மெலிவுக்காக 2015 மேக்புக்கில் ஆப்பிள் போட்ட புது வகை விசை என்ன ஆயிற்று? தூசி புகுந்தால் அடைத்துக்கொண்டது. 2018-இல் இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்து, 2022-இல் 5 கோடி டாலர் இழப்பீட்டுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

விசை இருக்கட்டும், மூடிக்கு வருவோம். மூடியை ஒரே விரலால் திறக்கும்போது அடிப்பாகம் மேசையிலேயே நிற்கிறதா என்று சிலர் சோதிப்பார்களே, அது லேசான லேப்டாப்புக்கு எவ்வளவு கடினமான தேர்வு தெரியுமா? கீலை இறுக்கினால் எடை குறைந்த அடிப்பாகமும் கூடவே எழும்; தளர்த்தினால் ரயிலில் திரை ஆடும்.

ரயில் என்றதும் பானசோனிக். ஜப்பானின் நெரிசல் ரயில்களில் பையோடு நசுங்குவதை மனதில் வைத்து, 'லெட்ஸ் நோட்' லேப்டாப்பை 100 கிலோ அழுத்தத்தில் சோதிக்கிறார்கள்! அதற்காகத்தான் மூடியின்மேல் கார் பானெட் மாதிரி மேடு பள்ளம். அழகில்லை என்பார்கள். எனக்கென்னவோ பிடித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று: விளம்பரத்தில் போடும் எடையில் சார்ஜர் சேராது. கடைக்குப் போனால் அதையும் கம்பியோடு சேர்த்துத் தராசில் வைக்கச் சொல்லுங்கள்.