மல்லனைக் கண்டவர்கள்

தாராசிங்கும் கிங்காங்கும் மோதிய 1950-களின் மல்யுத்தத்தை இன்றும் உற்சாகத்தோடு நினைவுகூரும் ரசிகர்களுக்கு, காவிரி பாயும் சோழநாட்டிலே சங்க காலத்திலேயே முன்னோடிகள் இருந்திருக்கிறார்கள். உறையூர் மன்னன் தித்தனுடைய புதல்வனும், தந்தையோடு மனஸ்தாபம் கொண்டு பிரிந்திருந்தவனுமாகிய போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது, ஒரு காலை அவன் மார்பிலே மடித்து ஊன்றி, மற்றொரு காலால் அவனுடைய தந்திரங்களைத் தடுத்து வீழ்த்திய விதத்தை, நேரிற் கண்டவரைப்போலவே வர்ணிக்கும் புலவர் சாத்தந்தையார், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் தித்தன் இதைக் காணட்டும் என்று அங்கலாய்க்கிறார். புறநானூற்றின் 80-ஆம் பாட்டு அது.

82-ஆம் பாட்டோ இன்னும் அற்புதமானது. ஊரிலே திருவிழா, வீட்டிலே மனைவிக்குப் பிரசவ வேளை, வானத்திலே மழை, சூரியனும் மறைகிறான். இத்தனை அவசரத்துக்கிடையே கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் கையில் ஓடும் ஊசியின் வேகமே அப்போரின் வேகம் என்கிறார் புலவர்.

அவ்வீரனிடம் உள்ளத்தைப் பறிகொடுத்த பெண்பாற் புலவர் நக்கண்ணையாரும் மூன்று பாட்டுகள் பாடியிருக்கிறார். ஊராரில் ஒரு சாரார் வெற்றி அவனுடையதே என்றும், மற்றொரு சாரார் இல்லை என்றும் வாதாடிக்கொண்டிருக்க, சிலம்பொலிக்க ஓடிச் சென்று, முழவு போலப் பருத்த பனைமரத்தைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைக் கண்ணாரக் கண்டதாக அவர் சொல்வது 85-ஆம் பாட்டு.