கடலுக்குள்ள போறதைவிட மேலே வர்றதுதான் ரிஸ்க்... சங்கு குளிக்கிறவங்களைத் தாக்கும் நோய் பற்றித் தெரியுமா?

கொற்கைன்னதும் ஞாபகத்துக்கு வர்றது முத்துதான். ஆனா, அந்த முத்தை எடுத்தவங்க யார்? கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, அங்கே கடலில் இறக்கப்பட்டவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. அவ்வளவு ஆபத்தான வேலை!

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன்பிறகும் ஆட்கள் கடலுக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், சங்குக்காக. வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் போடும் வெள்ளை வளையலுக்கு மன்னார் வளைகுடா சங்கும் போகுது.

அந்தக் காலத்தில் கல்லின் கனத்தில் இறங்கி, மூச்சைப் பிடித்து, ஒரு நிமிஷம் சொச்சத்தில் மேலே வந்துடுவாங்க. இப்போ படகில் ஓர் ஏர் கம்ப்ரசர், அதிலிருந்து நீளமா ஒரு டியூப். அதை வாயில் கவ்விக்கொண்டால் நெடுநேரம் கீழேயே இருக்கலாம். வசதிதானேன்னு தோணும். சிக்கலே அதுலதான்.

கோலி சோடாவை உடைச்சதும் புஸ்ஸுனு நுரை வருமே, ஏன்? அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் குறைந்ததும் குமிழாக வெளியே வருது. உடம்பிலும் இதேதான். நாம சுவாசிக்கிற காற்றில் 78% நைட்ரஜன். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், கரையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. நேரம் ஆக ஆக நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே இருக்கும். மெதுவா, நிறுத்தி நிறுத்தி மேலே வந்தா மூச்சுவழியா வெளியேறிடும். சட்டுனு வந்தா, உடம்புக்குள்ளேயே குமிழி! மூட்டில் என்றால் தாங்கமுடியாத வலி. தண்டுவடத்தில் என்றால் கால் மரத்துப்போகும், சிறுநீர் பிரியாது, நிரந்தரமா நடக்க முடியாமலும் போகலாம். உயிரே போனதும் உண்டு. போதாக்குறைக்கு, கம்ப்ரசர் இன்ஜின் புகை டியூபுக்குள் கலந்தால் கார்பன் மோனாக்ஸைடு வேறு.

எடுக்கிற சங்குக்குத்தான் காசு எனும்போது, 'மெதுவா வாங்க'ன்னு கரையில் உட்கார்ந்து சொல்றது ஈஸி. ஹோண்டுராஸ் நாட்டில் மிஸ்கிட்டோ பழங்குடியினர் அமெரிக்கர்களின் சாப்பாட்டுத் தட்டுக்குப் போகும் லாப்ஸ்டரைப் பிடிக்க இப்படித்தான் இறங்கி முடங்கிப்போனார்கள். 2021-ல் அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றத்தில், 42 டைவர்கள் தொடர்பான வழக்கில் அந்நாட்டு அரசே பொறுப்பை ஏற்றது. டைவரின் கவனக்குறைவுன்னு கைகழுவ முடியலை.

மேலே வந்தபிறகு மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் இருந்தால் 'அசதி'ன்னு படுத்துடக் கூடாது. சில மணி நேரம் கழிச்சுக்கூட அறிகுறி தெரியலாம். சரியாகிடும்னு திரும்ப கடலில் இறங்கறதும் ஆபத்து. படுக்கவைத்து, 108-க்கு போன் பண்ணி, ஆக்ஸிஜன் கொடுக்கணும். 'கடலுக்குள்ள இறங்கினவர்'னு டாக்டரிடம் முதல்லயே சொல்லிடுங்க. அழுத்த ஆக்ஸிஜன் சேம்பர் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. அந்த ஒரு வார்த்தைதான் எங்கே அனுப்பணும்னு முடிவு பண்ணும்.

அந்தமானில் ஸ்கூபா முடிச்ச கையோட ஃபிளைட் ஏறுறவங்களுக்கும் இதே விதிதான் பாஸ். மேலே போகப்போக கேபினிலும் அழுத்தம் குறையும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பலமுறை இறங்கியிருந்தா 18 மணி நேரமாவது கழிச்சு டிக்கெட் போடுங்க.