உங்களுக்குத் தெரியுமா? தோட்டக் காய்ச்சலில் கிடைத்த மருந்து

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரத்தில் தொடங்கியது. செம்பனைத் தோட்டம் எலிகளுக்குக் கொண்டாட்டம். எலிமேல் ஒட்டும் சிற்றுண்ணி கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஜோசப் ஸ்மாடெல் குழுவினர் அக்காய்ச்சலுக்குக் குளோராம்பெனிகால் என்ற ஆண்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்துச் சேர்த்தவர்களில் சிலருக்கு இருந்ததோ டைபாய்டு. அவர்களும் தேறினார்கள்! அதுவரை டைபாய்டை நேரடியாக அடக்கும் மருந்தே இல்லை.

1972இல் கோழிக்கோட்டிலும் மெக்சிகோவிலும் அம்மருந்துக்கு அசையாத டைபாய்டுக் கிருமி பரவியது. கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை.

இப்படி மருந்துக்கு அசையாமல் போகும் கிருமியோடு மருத்துவமனை வார்டில் நடக்கும் போட்டி சின்ன வேலைகளில்தான் இருக்கிறது. முதல் ஆண்டிபயாடிக் ஊசிக்கு முன்பே தாதி, கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு இரத்தம் எடுக்க வேண்டும். பிந்தினால் கிருமி சிக்காமல் போகலாம். இரண்டு மூன்று நாளில் ரிப்போர்ட் வந்ததும், “டாக்டர், இதே மருந்து இன்னும் வேண்டுமா?” என்று மருந்தாளர் கேட்க வேண்டும். பெரிய டாக்டரிடம் அதைக் கேட்கக் கொஞ்சம் துணிச்சலும் வேண்டும்தான்! ஊழியர் விழிப்புணர்வையும் பயிற்சியையும் சேர்த்தே மலேசியா 2017இல் மருந்துக்கு அசையாத கிருமிகளுக்கு எதிரான தேசியச் செயல்திட்டம் வகுத்தது. தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் அரசு மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தியது.