சிங்கப்பூரில் எட்டு மணி நேரம்: ஊருக்குள் போகலாமா, வேண்டாமா?

சென்னை, திருச்சி, கோவையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்களில் பலர் சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில்தான் விமானம் மாறுகிறார்கள். அடுத்த விமானத்துக்கு ஆறு, எட்டு, பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டி வருவது சாதாரணம். நாற்காலியிலேயே தூங்கி அந்த நேரத்தைக் கழிப்பவர்கள் உண்டு. ஊரையே பார்த்துவிடலாம் என்று கிளம்பி, கடைசியில் மூச்சு வாங்க ஓடி வருபவர்களும் உண்டு. டிக்கெட் வாங்கும்போதே கொஞ்சம் கணக்குப் போட்டுவிட்டால் இந்த இரண்டு பாடும் வேண்டாம்.

எட்டில் மிஞ்சுவது நான்கு

விமானத்திலிருந்து இறங்கி, குடிவரவுச் சோதனை முடித்து வெளியே வர ஒரு மணி நேரம் வையுங்கள். நகருக்கு ரயிலில் போக முக்கால் மணி, திரும்பி வர முக்கால் மணி. அடுத்த விமானம் புறப்பட ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே நிலையத்துக்குள் இருப்பது நல்லது. எட்டு மணி நேரத்தில் இவ்வளவும் போக, ஊரில் கையில் மிஞ்சுவது நான்குக்குள்தான். 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை, விமானம் ஏறும் வாசலிலேயே நடக்கிறது. கடைசி நிமிடத்தில் போனால் அங்கும் வரிசை நிற்கும். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் என்பதையும் மறக்கக் கூடாது.

விசா இல்லாமல் வெளியே போக முடியுமா?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். ஆனால் விமானம் மாறுகிறவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகளில் ஒன்றின் விசாவோ நீண்டகால வசிப்பு அனுமதியோ கையில் இருந்து, அது இன்னும் ஒரு மாதமாவது செல்லுமானால், 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் ஊருக்குள் இருக்கலாம். அந்த நேரத்துக்குள் கிளம்புவதற்கான உறுதியான டிக்கெட்டைக் காட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் வந்து மீண்டும் இந்தியாவுக்கே திரும்புகிறவர்களுக்கு இது கிடையாது. மூன்றாவது நாடு ஒன்று பயணத்தில் இருக்க வேண்டும். சலுகை இருந்தாலும் முடிவு குடிவரவு அதிகாரி கையில். வெளியே போகிற எல்லோரும் வருகைப் படிவத்தை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். வந்திறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.

ஆறு மணி நேரத்துக்குள் என்றால்

உள்ளேயே இருப்பது உத்தமம். 3ஆம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டமும் இலவசத் திரையரங்கும் இருக்கின்றன. 2ஆம் முனையத்தின் மாடியில் சூரியகாந்தித் தோட்டம், 1ஆம் முனையத்தில் கள்ளித் தோட்டம். இவற்றைப் பார்க்க விசா தேவையில்லை.

எல்லோரும் படம் எடுத்துப் போடும் அந்த அருவி மட்டும் வேறு கணக்கு. 2019இல் திறந்த ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. ஆனால் வளாகம் இருப்பது குடிவரவுச் சோதனைக்கு வெளியே. விசாவோ சலுகையோ இல்லாதவர்கள் போக முடியாது. காலை பத்து, பதினோரு மணிக்குப் பிறகுதான் தண்ணீர் விழும். சென்னையிலிருந்து இரவு விமானத்தில் ஏறி விடியலில் இறங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆறிலிருந்து பத்து மணி நேரம்

ஒரே ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கு நிலையமே இலவசச் சுற்றுலா நடத்துகிறது. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் இடைவெளி இருப்பவர்கள் பதிவு செய்யலாம். சுமார் இரண்டரை மணி நேரம் பேருந்தில் சுற்றிக் காட்டிக் கூட்டி வந்துவிடுவார்கள். இதற்கும் சிங்கப்பூருக்குள் நுழையும் தகுதி வேண்டும்.

சொந்தமாகப் போக டாக்சியைவிட எம்ஆர்டி ரயில் மலிவு. வங்கி அட்டையைத் தட்டியே உள்ளே போகலாம். சாங்கியிலிருந்து ஒரு நிலையம் தள்ளி எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் தடத்துக்கு மாறுங்கள். லிட்டில் இந்தியா போகிறவர்கள் அந்தப் பெயருள்ள நிலையம் வரும்வரை உட்கார்ந்திருந்தால் தடம் நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஜாலான் பெசாரில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சிராங்கூன் சாலை வந்துவிடும். தேக்கா சந்தையில் சாப்பாடு, வீரமாகாளியம்மன் கோயில், 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் எல்லாம் நடக்கும் தூரம். மரபுடைமை நிலையத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

பத்து மணி நேரத்துக்கு மேல், அதுவும் மாலையில் என்றால், அதே தடத்தில் பேஃப்ரண்ட் நிலையம் வரை போய் மரினா பே கடலோரத்தையும் பார்க்கலாம். இரவு பதினோரு மணிக்கு மேல் ரயிலை நம்ப வேண்டாம்.

பெட்டியும் பைக்குள் இருப்பதும்

இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டி பெரும்பாலும் நேரே கடைசி ஊருக்குப் போய்விடும். தனித்தனியாக வாங்கியிருந்தால் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு நுழைவு அனுமதியும் வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. கைப்பையைச் சுமக்க வேண்டாம் என்றால், கட்டணம் கட்டி நிலையத்திலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

பைக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். சூயிங் கம், மின்சிகரெட் இரண்டுக்கும் தடை. வீட்டில் அம்மா கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்தால் அதுவும் சிக்கல். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கண்காணிப்பில் வரும் பொருள்.

விசா, பெட்டி, நேரம் மூன்றும் ஒத்துவந்தால் வெளியே போய் வாருங்கள். ஒன்று இடித்தாலும் உள்ளேயே இருங்கள். அடுத்த விமானத்தைத் தவறவிட்டால் புது டிக்கெட்டுக்கு ஆகும் செலவில், தனியே ஒருமுறை சிங்கப்பூர் வந்தே சுற்றிப் பார்த்துவிடலாம்.